மூன்று மணிக்கு மின்சாரம் போகும்

மோல்மீனில் இன்று எங்கள் தெருவுக்குப்
பதினொன்றிலிருந்து மூன்று வரை மின்சாரம்.
அதற்குள் சௌந்தரவல்லி வீட்டுக் கல்யாணப் படம்
அச்சுக்குப் போகவேண்டும்.

இரண்டேகால் ஜிபி.
திறக்கவே ஏழு நிமிடம்.
திரையில் வட்டம் சுற்றுகிறது, சுற்றிக்கொண்டே இருக்கிறது.
கோ தான் ஸின் எதிர்க்கடையில் தேநீர் சொல்லி,
குடித்து, கணக்கில் எழுதச் சொல்லிவிட்டுத்
திரும்பி வந்து கேட்கிறார்:
இன்னுமா?

நாற்பத்தொரு அடுக்கு.
பெயர் வைக்கும் பழக்கம் எனக்கில்லை.
அடுக்கு 7. அடுக்கு 7 நகல்.
அடுக்கு 7 நகல் 3.
(நகல் 2 எங்கே போனது என்று கேட்காதீர்கள்.)
ஒன்றே ஒன்றுக்கு மட்டும், எந்த அவசரத்திலோ,
'இது வேண்டாம்' என்று பெயரிட்டிருக்கிறேன்.
வேண்டாததை ஏன் வைத்திருந்தேன்?

கீழிருந்து தொடங்கினேன்.
மண்டபத் திரையின் மடிப்பை நேராக்கியது ஒன்று,
மின்விசிறியின் நிழலை எடுத்தது ஒன்று.
தீர்ப்பான வழக்குகள். சேர்த்தேன்.
மாப்பிள்ளை வேட்டியில் சாம்பார்க் கறை,
கறையை மூடிய வெள்ளை,
வெள்ளை பளிச்சிட்டதென்று
அதன்மேல் போட்ட சாம்பல்.
மூன்றும் ஒன்று.
இனி அந்தக் கறையை
நானே தேடினாலும் கிடைக்காது.

பினாங்கிலிருக்கும் தம்பி
கைப்பேசியில் அனுப்பிய படம் தனி அடுக்கு.
அவனுக்கு வெளிச்சம் இடமிருந்து, மண்டபத்துக்கு வலமிருந்து.
புரட்டிப் போட்டேன்;
சட்டைப் பை வலப்பக்கம் போய்விட்டது,
வீட்டார் யாரும் கண்டுபிடிக்கவில்லை.
அவன் நிழல் வேறொரு அடுக்கில்,
கம்பளத்தின்மேல் ஆளில்லாமல் கிடந்தது.
இரண்டையும் இணைத்ததும்தான்
அவன் தரையில் நின்றான்.

இருபது. பதினான்கு. ஒன்பது.
எண்ணிக்கை குறையக் குறைய
எலிக்குட்டியின் அம்பு விரலோடு சேர்ந்து ஓடுகிறது,
முன்பெல்லாம் பின்தங்கி
மூச்சு வாங்கிக்கொண்டு வரும்.

கடைசியில், கண் மூடிய ஓர் அடுக்கு.
'இது வேண்டாம்.'

திறந்தேன்.
யமுனாதேவியின் நெற்றி, கன்னம், கழுத்து,
வளையல் தொடங்கும் இடம் வரைக்கும்
நான் பூசிய வெளுப்பு.
"கொஞ்சம் கலரைத் தூக்கிவிடும்மா,
நாலு பேருக்கு அனுப்பணும்"
என்றார் மாமியார். தூக்கினேன்.
அதற்குத் தனியாக ஐயாயிரம் கியாட்.

மறுநாள் யமுனா மட்டும் வந்தாள்,
தனக்கா ஈரம் காயாத கன்னத்தோடு.
திரையைப் பார்த்தாள்.
"யாருக்கா இது?"
வேறொன்றும் கேட்கவில்லை.

அன்று மூடிய கண்.
அழிக்கவில்லை, மூடினேன்.
மாமியார் வந்தால் ஒரு சொடுக்கு,
மருமகள் வந்தால் இன்னொரு சொடுக்கு.
இருவருக்கும் நல்லவளாக இருக்க
எண்பது எம்பி செலவாகியிருக்கிறது.

இரண்டு ஐம்பத்தொன்று.
யு.பி.எஸ். ஒருமுறை இருமியது.
எல்லாவற்றையும் ஒன்றாக்கு என்றேன்.
சின்னப் பெட்டி ஒன்று முளைத்துக் கேட்டது:
மறைந்திருக்கும் அடுக்குகளைக் கைவிடவா?

ஆயிரம் தடவை கேட்டிருக்கும்.
படிக்காமலே தட்டிவிடுவேன்.
இன்று படித்தேன்.
வாசலில் கோ தான் ஸின்
சைக்கிளைத் திருப்பி நிறுத்தும் சத்தம்.

சரி.

தொண்ணூறு எம்பி. மூடித் திறந்து பார்த்தேன்,
நாலு நொடி.
யமுனா அவள் நிறத்திலேயே இருந்தாள்,
மாப்பிள்ளை கறையில்லாமல்,
தம்பி வலப்பக்கப் பையோடு.
பென்டிரைவை உருவி நீட்டினேன்.

"மூலத்தை நகலெடுத்து வைத்தாயா?"

நகலெடுக்கப் பன்னிரண்டு நிமிடம் ஆகும்,
மின்சாரம் இருந்தது ஒன்பது என்றேன்.
கணக்கு அவருக்குச் சரியாகப் பட்டது.
மிதித்துப் போனார்.

அது உண்மையான கணக்குதான்.
நாளை மாமியார் வந்து கேட்கும்போதும்
அதையே சொல்வேன்.
மின்விசிறி மெதுவாகி, இறக்கை மூன்றும்
தனித்தனியாய்த் தெரிய ஆரம்பித்தன.