ரேடியேட்டருக்குள் தண்ணீர்

சைமி என்னிடம்தான் முதலில் சொன்னாள்:
ரேடியேட்டர் அவளைக் கூப்பிடுகிறதாம்.
இரவு இரண்டு மணிக்கு மேல்,
அதுவும் முழுப் பெயர் சொல்லி,
பள்ளிப் பதிவேட்டில் இருக்கிறபடி.

சிரித்தேன். அவளும் சிரித்தாள்.
வாயசைவோடு ஒட்டாத டப்பிங் குரல்போல
அவள் சிரிப்பு கொஞ்சம் பிந்தி வந்தது.
அன்றைக்கே கவனித்தேன்.
கவனித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனேன்.

நவம்பர். ஓவுலு நகரத்தில்
பிற்பகல் மூன்று மணிக்கே இருட்டு.
வகுப்புக் குழுவில் பேச்சு வற்றிக் கிடந்தது.
யாராவது ஏதாவது சொல்லுங்கள் என்றான் யூசோ.
சொன்னேன்.
பதினேழு சிரிப்பு முகங்கள்.
மறுநாள் அவள் நாற்காலிக்குப் பின்னால்
யாரோ குழாய்போல் உறுமினார்கள்.
அவள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.
பார்த்திருந்தால் தேவலை.

பிப்ரவரியில் ஒரு விடியற்காலை
உறைந்த கடலின்மேல் நடந்துபோனாள்.
கையுறை இருந்தது. காலணி இல்லை.
பனியில் துளையிட்டு மீன்பிடிக்கப் போன ஒருவர்
தூண்டில் பெட்டியை அங்கேயே விட்டுவிட்டு
சறுக்குவண்டியில் அவளை இழுத்து வந்தார்.
இரண்டு கால்விரல்கள் போயின.
ஊர் அதைக் குரல் தாழ்த்தியே பேசியது,
நோய் பக்கத்து அறையில் தூங்குவதுபோல.

மருத்துவமனைக்குப் போனேன்.
பார்க்க விருப்பமில்லையாம்.
அடுத்த சனிக்கிழமையும். அதற்கடுத்ததும்.
பஸ் டிரைவருக்கு என் முகம் பழகிவிட்டது.
மன்னிப்புக் கேட்டுக் கடிதம் எழுதினேன்;
படித்துப் பார்த்தால்
பக்கம் முழுக்க நான், நான், நான்.
கிழித்துப் போட்டேன்.
உப்புக் கரிக்கும் கறுப்பு மிட்டாய், அவளுக்குப் பிடித்தது,
ஒரு பொட்டலம் மட்டும் நர்ஸிடம் கொடுத்தேன்.
அது திரும்பி வரவில்லை.
அதையே பதிலாக வைத்துக்கொண்டு
ஒரு வாரம் ஓட்டினேன்.

ஏப்ரலில் இறங்கி வந்தாள்.
முகம் உப்பியிருந்தது. விரல்கள் நடுங்கின.
"மாத்திரை" என்றாள், மழை என்பதுபோல.
பிறகு,
"எத்தனை பேர் சிரித்தார்கள்?"
"பதினேழு."
"உன்னைச் சேர்த்தா?"
நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.
"என்னைச் சேர்த்தால் பதினெட்டு."
தலையசைத்தாள்,
தன்னிடம் இருந்த கணக்கும் அதுவேதான் என்பதுபோல.

மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை.
இன்றுவரை சொன்னதில்லை.
சனிக்கிழமை வீட்டுக்கு விடுகிறார்கள்,
சைக்கிள் செயின் துருப்பிடித்திருக்கும்,
எண்ணெய் கொண்டுவா என்றாள்.

கொண்டுபோனேன்.
கறுத்த கைகளைத் துடைக்க இடம் தெரியாமல்
அவள் அறையில் நின்றேன்.
ரேடியேட்டரைக் காட்டினாள்.
"காதை வை."
வைத்தேன். சுட்டது. எடுக்கவில்லை.
"என்ன கேட்கிறது?"
உன் பெயர்தான் என்று சொல்லியிருக்கலாம்.
ஆறுதலாக இருந்திருக்கும், எனக்கு.
"தண்ணீர்" என்றேன். "நடுவில் எங்கேயோ ஒரு தட்டல்."
"எனக்கும் இன்றைக்குத் தண்ணீர்தான்.
நாளைக்குத் தெரியாது."

அவளும் மறுமுனையில் காதை வைத்தாள்.
எங்கள் நடுவில் ஏழு இரும்பு மடிப்புகள்.
கடல்பக்கம் பனி விரிசல்விடும் சத்தம்.

"நாளைக்கு வேறு ஏதாவது சொன்னால்?"
"கூப்பிடு. இரண்டு மணியானாலும்."
"சிரிப்பாயா?"
"நீ சிரித்தால்."

சிரித்தாள்.
இந்த முறையும் கொஞ்சம் பிந்தித்தான்.
அது வந்து சேரும்வரை
காத்திருந்தேன்.