ரீவைண்ட் பண்ணித் தரவும்

ஜுனைதீன் வீடியோவின் ஸ்டிக்கர்
இன்னும் கசெட்டில் இருக்கிறது, பாதி உரிந்து:
"பார்த்து முடிந்ததும் ரீவைண்ட் பண்ணித் தரவும்.
தவறினால் ஐந்து ரூபாய்."

டெக்கைப் புறக்கோட்டையில் ஒரு பொடியன் திருத்தித் தந்தான்.
பெல்ட் அறுந்திருந்ததாம், ஹெட்டில் பூஞ்சணமாம்.
இதில என்ன பார்க்கப் போறீங்க அங்கிள் என்றான்.
ஒரு மந்திரியைச் சுடுறதை, என்றேன்.
சிரித்தான்.

எந்த நாட்டுப் படமென்று தெரியாது.
பெயர் ஓடவேண்டிய இடத்தில்
யாரோ வீட்டுச் சாமத்தியச் சடங்கு,
ஆலாத்தித் தட்டுடன் இரண்டு பெண்கள்.
திடீரென்று அவர்கள் அறுந்துபோக
மழை பெய்யும் ஒரு தலைநகரம்,
கறுப்புக் கார்கள்,
கீழே சிங்கள எழுத்து.

தொண்ணூற்றாறு. ஜம்பட்டா வீதி லொட்ஜ்.
ஆறு பேர், நாலு பாய்,
ஏஜென்டின் கோலுக்காகக் காத்திருந்த காலம்.
எழுத்தை வாசித்துச் சொல்ல
வரோதயன் ஒருவன்தான், பதுளையில் படித்தவன்.
மந்திரி இரண்டு நிமிடம் பேசினாலும்
மூன்று சொல்லில் முடிப்பான்:
"பொய் சொல்லுறான் மச்சான்."

கதை இவ்வளவுதான்.
மந்திரி சாகிறார். கமிஷன் வைக்கிறார்கள்.
யாரும் குற்றவாளியில்லை என்கிறது கமிஷன்.
ஒரு குமாஸ்தா மட்டும் நம்பவில்லை.
கையிலிருக்கும் ஒலிநாடாவைத்
திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்கிறான்
வெடிச்சத்தம் இரண்டா, மூன்றா.
மூன்று, என்றோம் ஆறு பேரும் ஒரே நேரத்தில்.
அதில் எங்களுக்குப் பழக்கமிருந்தது.

அப்போதுதான் கதவு தட்டுப்பட்டது.
யாரோ போஸை அமத்தினோம்.

பொலிஸ் பதிவு. ஐசி. ஏன் வந்தாய்.
எப்போது போவாய்.
டோர்ச் வெளிச்சம் முகம் முகமாய் நின்று நகர்ந்தது.
திரையில் குமாஸ்தா, காதில் ஹெட்போன்,
கழுத்துக்குக் குறுக்கே வெள்ளைக் கோடு.
அந்த அறையில் வெளிப்படையாக நடுங்கியது
அவன் மட்டும்தான்.

சார்ஜன்ட் திரையைப் பார்த்தார்.
தொப்பியைக் கழற்றினார். அவரும் பார்த்த படம்போல.
சிரித்துக்கொண்டு ஏதோ சொன்னார்.
வரோதயன் மரியாதைக்குச் சிரித்தான்,
எங்களுக்கு மொழிபெயர்க்கவில்லை.
இவ்வளவு நல்ல சிங்களம் தெரிந்தவன்
இங்கே என்ன செய்கிறான் என்பது
அவர்களுடைய சந்தேகம்.

படியில் வைத்துத் திரும்பிச் சொன்னான்:
"நான் வருமட்டும் பாக்காதேங்கோடா."

பார்க்கவில்லை.
கசெட்டைத் திருப்பிக் கொடுக்கவுமில்லை.
அந்த இரவு ஜம்பட்டா வீதிக்கு
ஒருவரும் போகவில்லை என்று
புத்தகத்தைத் திறந்து காட்டினார்கள் ஸ்டேஷனில்.
பல வருடம் கழித்து எங்களுக்கும் ஒரு கமிஷன் வந்தது.
வந்தவர்கள் மூன்று பேரா, நாலு பேரா?
எனக்குச் சரியாய்ச் சொல்ல வரவில்லை.

மற்றவர்கள் பேர்ண், மொன்றியல், ஒஸ்லோ.
என் ஏஜென்ட் கடைசிவரை எடுக்கவேயில்லை.
ஒரு ஹார்ட்வெயார் கடையில் கணக்கெழுதி
சிங்களம் பழகி
இங்கேயே நின்றுவிட்டேன்.

ஆகவே இன்றிரவு நானே வாசிக்கிறேன்.
மந்திரி பொய் சொல்லவில்லை.
அந்த இடத்தில் அவர்
மகளின் பல்வலியைப் பற்றித்தான் பேசுகிறார்.
அடேய் வரோதயா.

சார்ஜன்ட் சொன்னதில்
ஒரு சொல் மட்டும் காதில் தங்கியிருந்தது: அந்திமட.
அப்போது வெறும் சத்தம்.
இப்போது அர்த்தம் தெரியும். கடைசியில்.
கடைசியில் யார், கடைசியில் என்ன,
அந்த மிச்சம் அவனோடு படியிறங்கிவிட்டது.

குமாஸ்தா ஹெட்போனை மாட்டுகிறான்.
நாடாவில் பழைய தழும்பு; திரை ஒருதரம் வெட்டுகிறது.
போஸை அமத்துகிறேன்.

முடிஞ்சுதா என்கிறாள் தர்மினி, உள்ளே இருந்து.
இல்லை, என்றேன். ஓராள் வரக் கிடக்கு.

அவள் பிறகு ஒன்றும் கேட்கவில்லை.
டெக் தானாகவே நின்றது.
பழசென்றாலும் அதற்கு ஒரு ஒழுங்கு உண்டு,
ஐந்து நிமிடத்துக்கு மேல்
ஒருவனை நடுங்க விடாது.