நாலாவது வீடு

யஷ்வந்த்பூரில் மூன்றாவது வீடு.
கதவைப் பாதி திறந்தவர்
பெயர் கேட்டார், அப்பா பெயர் கேட்டார்,
கறி சமைப்பீங்களா என்றார்.
என் முதலெழுத்தில் கொஞ்சம் நின்றார்.
சொல்லி அனுப்புகிறாராம்.

ராத்திரி ஆய்வகம். முப்பத்தேழு டிகிரி.
கிளைக்கை விரித்த செல் ஒன்று
தின்ற கிருமியின் துணுக்கை
வெளியே ஏந்தி நிற்கிறது,
ஒன்பதே அமினோ அமிலம்.
டி செல்கள் வருகின்றன,
தொட்டுப் பார்த்து, மூன்று நிமிடம் நின்று,
நமக்கில்லை என்று நகர்கின்றன.
கோபமெல்லாம் இல்லை.

சொந்த உடம்பையே பகையென்று பிடிப்பவை
பெரும்பாலும்
நெஞ்செலும்புக்குப் பின்னாலேயே மடிந்துவிடும்.
தெருவுக்கு விடுவதில்லை.

நாற்பதாவது நிமிடம்
ஒன்று ஒட்டிக்கொண்டது.
கால்சியம் ஏறிப் பச்சையாய் ஒளிர்ந்தது.
நேரம் குறித்தேன்.
கையுறையைக் கழற்றி
தரகர் ஸ்ரீகண்டையாவுக்குச் செய்தி:
நாளைக்கு எத்தனை மணிக்கு?