நாலேமுக்கால் மணி

மணக்குடிப் பாலத்துக்குக் கீழே
டார்ச்சைப் பல்லில் கடித்தபடி
முழங்கால் தண்ணீரில் நிற்கிறேன்.
முந்நூறு மில்லி போத்தல்.
சரித்து, மெதுவாக, விளிம்பு வழிய வழிய.
ஒரு குமிழ் நுழைந்தாலும் கணக்குப் பொய்யாகும்.
காற்றை அளக்க வந்தவள்
காற்றுக்குப் பயந்து மூடியைத் திருகுகிறேன்.

நேற்றும் இதே கல்லில் நின்றேன்,
பகல் பதினொன்றுக்கு.
ஜீப் வந்தது, டீயும் வந்தது.
வெயிலைக் குடித்த பாசி
தண்ணீருக்குள் காற்றைக் கக்கிக்கொண்டிருந்தது.
நாலு புள்ளி ஆறு.
"பரவாயில்லையே" என்றார் ஹெர்பர்ட் சார்.
எல்லா மாதமும் பதினொன்றுக்குத்தான் வருகிறோம்.
எல்லா மாதமும்
பரவாயில்லை.

தங்கபுஷ்பம்தான் சொன்னாள்,
கதம்பல் அடிக்கும் தடியைக் கீழே வைக்காமல்:
"பகல்ல வந்து என்னத்த மேடம் பாக்கிய?
விடியக்காலம் வாங்கோ.
மடவக்குஞ்செல்லாம் மேல வந்து
வாயப் பொளந்துட்டு நிக்கும்."

நிற்கின்றன.
டார்ச் வெளிச்சத்தில்
நூறு நூறு சின்ன வாய்கள்
தண்ணீரின் தோலைக் கவ்விக் கவ்வி விடுகின்றன.
பாசிக்கும் இரவில் மூச்சு வேண்டும்,
அழுகும் கதம்பலுக்குள் இருக்கிற
கண்ணுக்குத் தெரியாத கோடிக்கும் வேண்டும்.

கரையில் குத்தவைத்து
மாங்கனீஸ் இரண்டு மில்லி,
கார அயோடைடு இரண்டு மில்லி.
போத்தலைத் தலைகீழாக்கி, நிமிர்த்தி, மறுபடியும்.
கருப்பட்டி நிறத்தில் இறங்க வேண்டியது
ஆப்பமாவாக இறங்குகிறது.
வெள்ளை.
அமிலம் விட்டேன், கரைந்தது.
நீலம் காட்டட்டும் என்று ஸ்டார்ச் விட்டேன்.
காட்டவில்லை.
பியூரெட் நிறைய திரவம்,
ஒரு சொட்டுக்கும் வேலையில்லை.

"தண்ணி பாஸா, மேடம்?"
எப்போது வந்தாளோ, பின்னால் நிற்கிறாள்.
இல்லக்கா.
"அப்ப கதம்பல எடுக்கச் சொல்லுவாவளா?"

பழையாறு நாகர்கோவில் சாக்கடையையும்
சுமந்துகொண்டுதான் இங்கே வருகிறது.
ஆனால் போத்தல் யார் பெயரையும் சொல்லாது.
பாலத்தில் நின்று பார்த்தால்
கண்ணில் படுவது
இவளுடைய கதம்பல் மட்டும்.
வரச் சொன்னவளும் இவள்.
நான் பதில் சொல்லவில்லை.
அவள் கையிலும் என் கையிலும்
ஒரே அழுகின முட்டை வாடை.

படிவத்தில் நேரம் அச்சடித்தே இருக்கிறது, 11.00.
அளவுக்கு ஒரே ஒரு கட்டம்.
ஸ்கேல் இல்லை. போத்தல் பெட்டியின் மூடியை வைத்து
கட்டத்தை இரண்டாகக் கோடு போட்டேன்.
கோடு கோணல்.
மேலே நாலு புள்ளி ஆறு.
கீழே பூஜ்ஜியம், பக்கத்தில் 4.45,
வாசிக்க முடிகிற எழுத்தில்.

ஆறரைக்கு வெயில் விழுந்தது.
மடவைக்குஞ்சுகள் ஒவ்வொன்றாக
அடியில் இறங்கிப் போயின.
கொஞ்ச நேரத்தில் காயல்
யாரும் வந்து பார்க்கலாம் என்பதுபோல
மினுங்கிக்கொண்டு கிடந்தது.