இரண்டு கட்டம்

ஷிஃப்ட் முடிந்து காவேரிப்பட்டணம் வந்து சேர
இரவு பதினொன்றரை.
கையைக் கழுவியாயிற்று, மூன்று தரம்.
முன்னே நடக்கும் பொத்தான் மட்டும்
இன்னும் ஒட்டுகிறது.
மாம்பழக் கூழ்.

திரையில் அவள் நிற்கிறாள், கோணித்துணி உடுத்தி.
குள்ள இனம். அகன்ற தோள்.
உடைந்த மூக்கை நானே பொறுக்கி வைத்தேன்.
கீழே பத்துத் தொழில்,
பக்கத்தில் காலியாக இரண்டு கட்டம்.
பிறகு மாற்ற நூறு பொற்காசு ஆகுமாம்.

அம்பைக் கொண்டுபோய் வைத்தால்
ஒவ்வொரு தொழிலுக்கும் ஒரு சின்னச் சத்தம்.
தையலுக்குக் கத்தரி.
சமையலுக்கு எண்ணெய்.
கொல்லு வேலைக்கு ணங்.
ஷமீனா புரண்டு படுக்கிறாள். ஒலியைக் குறைத்து
ணங் மட்டும் இன்னொரு தரம் கேட்கிறேன்.

காதில் குழு காத்திருக்கிறது.
"மருந்து எடு," என்கிறான் ராயக்கோட்டை லோகேஷப்பா,
"நம்மகிட்ட மருந்துக்கு ஆளில்ல."
ஆனேக்கல் பையன் அதையே கன்னடத்தில் சொல்கிறான்.
"உனக்கு லேப் வேலைதானே, பழக்கம்தானே."

பழக்கம்தான்.
கண்ணாடி மேல் ஒரு சொட்டு.
வெளிச்சத்துக்குத் தூக்கி ஒற்றைக் கண்ணால் பார்க்க
நீலமும் வெள்ளையும் பிரியும் கோட்டில்
பதினான்கு புள்ளி இரண்டு.
எழுது. அடுத்த தொட்டி.
பதினான்குக்குக் கீழே இறங்கினால்
சூப்பர்வைசர் மாம்பழத்தைத் திட்டமாட்டார்.

என் பழைய ஆளும் மருந்துக்காரிதான்.
ஐம்பத்தெட்டாம் நிலை வரை
குகை வாசலில் குந்திச் செம்மூலிகை கிள்ளி
சீசா சீசாவாக வடித்துக் கொடுத்தேன்.
குடித்துவிட்டு உள்ளே ஓடுவார்கள்.
டிராகன் கத்துவது மட்டும் எனக்குக் கேட்கும்.
ஒரே ஒரு முறை நானும் பின்னால் ஓடினேன்.
தோலை உரித்து, பல்லைப் பிடுங்கி,
எலும்பைப் பங்கு வைத்து முடித்திருந்தார்கள்.
நாக்கு மிச்சம் கிடந்தது.
"அது மருந்துக்கு ஆகும், எடுத்துக்கோ."

மீன் பிடிக்கலாம் என்று கொஞ்ச நேரம் தோன்றியது.
கே.ஆர்.பி. அணைக்குப் போனால்
மிளகாய் தடவி வறுத்துத் தட்டிலேயே தருகிறார்கள்,
அதற்கு எதற்கு நிலை ஏற்ற வேண்டும்?
கல்லுக்குப் பட்டை தீட்டுவது, வேண்டாம்.
வெளியே இப்போதும் கேட்கிறது
ஒரு மலையின் துண்டை ஏற்றிக்கொண்டு
மேம்பாலத்தில் கியர் மாற்றும் லாரி.

"கொல்லு," என்றேன்.

காதுக்குள் யாரோ டீ உறிஞ்சும் சத்தம்.
"அதுக்குச் சுரங்கமும் எடுக்கணும், தெரியுமில்ல?
ரெண்டு கட்டமும் போயிடும்."
போகட்டும்.
"அப்ப மருந்து?"
சந்தையில வாங்கிக்குங்க. வில ஒண்ணும் பெருசில்ல.
நான்தானே அஞ்சு வருஷம் வித்தேன்.

பெயர் கேட்டது.
செந்தூரா, ஏற்கெனவே யாரோ.
மல்கோவா, ஏற்கெனவே.
நீலம் என்று மட்டும் முந்நூறு பேர் இருப்பார்கள் போல.
பெங்களூரா?
கூழுக்குப் போகும் அந்தப் பழம்
இந்த உலகத்தில் யாருக்கும் வேண்டியிருக்கவில்லை.
எடுத்துக்கொண்டேன்.

தாமிரம் மூன்று கட்டி. உலை. முதல் அடி.
'தோல்வி. மூலப்பொருள் வீண்.'
சிவப்பு எழுத்து இரண்டு நொடி நின்று கலைந்தது.
பதிவேட்டை யாரும் நீட்டவில்லை,
எந்தத் தொட்டி, எத்தனை மணிக்கு என்று கேட்கவில்லை.
பெங்களூரா புறங்கையால் நெற்றியைத் துடைத்து
(அப்படி ஓர் அசைவு வைத்திருக்கிறார்கள்)
சுத்தியலைத் தோளில் சாய்த்து நின்றாள்.
இன்னொரு தரம் வீணாக்கினேன்.
அதற்கடுத்ததையும்.

ஏழாவதில் ஓர் ஆணி.
கோணல். மதிப்பு ஒரு செப்புக்காசு.

"என்ன வந்துச்சு?" லோகேஷப்பா.
"ஆணி."
"எத்தன?"
"ஆணிப்பா. ஆணி!"

போர்வைக்குள்ளிருந்து ஷமீனா, கண் திறக்காமல்:
"சுவத்துல ஆணி அடிக்கக் கூடாதுன்னு
ஓனர் சொல்லிருக்காருடி."