தலைகீழ்த் திபிலிசி

தொள்ளாயிரம் லாரி. அதில்
வாடகை பாக்கி நூற்றைம்பது;
இன்றைக்கு அதை மறந்திருந்தாள் நெஸ்தான்.

புது பாடி இருட்டிலும் பார்க்குமாம்.
எண்பத்தைந்து எம்.எம். லென்ஸோ பழசு,
விளிம்பில் பல்பட்டதுபோல் ஒரு கீறல்.
இரண்டில் ஒன்றுக்குத்தான் பணம்.

அவளுடைய கேமரா
இரண்டு லட்சம் முறை கண்சிமிட்டிவிட்டது.
இன்னும் எத்தனையோ.

கரண்ட் போன கடை.
லென்ஸை மட்டும் ஜன்னல் பக்கம் நீட்டினாள்.
பின்னால் பிடித்த பில் தாளில்
தெரு வந்து விழுந்தது,
நகம் அளவுக்கு, தலைகீழாக:
மேல்நோக்கிப் பெய்யும் பனி,
ரொட்டியோடு தொங்கி நடக்கும் ஒருத்தி,
அவள் சிவப்புக் கையுறை.

"பாடி?" என்றான் ஸுராப்.
"அது இப்படி எதையாவது காட்டுமா?"

பேருந்துக்குக் காசில்லை.
வீட்டுக்கார லாலியிடம் சொல்லவேண்டிய பொய்யை
மேட்டுத்தெரு நெடுக
ஒத்திகை பார்த்துக்கொண்டே ஏறினாள்,
கோட்டுக்குள் கண்ணாடிக் கனம்
விலாவில் இடிக்க.