கொருக்குப்பேட்டை, கேட் அருகே

மெதுவாக நீட்டினால் வருகிறது கால்.
வேகமாக நீட்டினால் பாதியில் ஒரு பிடி,
உள்ளிருந்து யாரோ கதவைத் தடுத்தாற்போல்.

கோணமானியை எடுப்பதற்குள்
கூட்ஸ் வண்டி ஊதிவிட்டது.
இரண்டு காலும் கத்தரியாய்ப் பின்னிக்கொள்ள
மெல்வினுக்கு ஒரே சிரிப்பு.
"டேங்கரு!" எண்ண ஆரம்பித்தான்.
நாற்பத்தொன்று வரை
அவன் தொடையில் என் உள்ளங்கை.
அதிர்வு தண்டவாளத்துடையதா, அவனுடையதா?

மறுபடி நீட்டிப் பார்த்து
'இரண்டு' என்று எழுதினேன்.
தேவகிருபை எட்டிப் பார்த்தாள்,
விரல்களில் காசிமேட்டு இறால் வாடை.
"காலைல டிரவுசர் மாட்ட
எவ்ளோ நேரம் ஆவுதுன்னு
இதுல எழுத மாட்டியா சார்?"

பிறகு, பையனுக்குக் கேட்காமல்:
"தூங்க சொல்ல வந்து பாரு.
பெரியவன் காலு மாதிரியே கெடக்கும்."

படிவத்தில் ராத்திரிக்குக் கட்டமில்லை.
அடுத்த வண்டி வருமுன்
ஷூவை மாட்டத் தொடங்கினாள்.